குட்டைப் பாசியும் என் வயிற்றெரிச்சலும்

சிங்கவரம் போகிற வழியில் ஒரு குட்டை. அதன் கரையில் நான் குந்தியிருக்கிறேன். இடது கையில் கண்ணாடிக் குப்பி. வலது கையில் தச்சரிடம் இரவல் வாங்கிய கொட்டாப்புளி, மரச் சுத்தியல். குப்பியில் விளிம்பு தளும்பப் பச்சைத் தண்ணீர். கார்க் மூடியைக் குப்பியின் வாயில் வைத்து ஓங்கி ஒரு போடு போட்டேன். மூடி உள்ளே இறங்கியது. இன்னொரு போடு. குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினேன். ஒரு சொட்டு கசியவில்லை.

"யப்பா! படிச்ச கைன்னா படிச்ச கைதான்" என்றார் பக்கத்தில் நின்ற ஊர் மணியக்காரர்.

எனக்குத் தலை கால் புரியவில்லை. அந்த இரண்டு போடும் என்ன காரியம் செய்தன என்று அப்போதே தெரிந்திருந்தால், மூன்றாவது போட்டை என் மண்டையில் போட்டுக்கொண்டிருப்பேன்.

இந்த வாரம் சந்தோஷமாக ஏதாவது எழுதுங்கள் என்று பத்திரிகை ஆசிரியர் சொல்லி அனுப்பியிருக்கிறார். கடல், படகு, மீன் என்று எழுதினால் வாசகர்களுக்குப் பிடிக்கிறதாம். பிடிக்கட்டும். எனக்கு எண்பது நெருங்குகிறது. இதை இன்னும் எத்தனை வாரம்தான் தள்ளிப்போடுவது?

வேலி போட்ட குட்டை

உலகச் சண்டை ஓயாத காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரிப்புகையில் ஓடின. ஓடின என்று மரியாதைக்குச் சொல்கிறேன். திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்கு வருவதற்குள் நாங்கள் இறங்கி மூன்று தடவை தள்ளினோம். கடற்கரை ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு வேலை. கடல் பாசிகளை வலையில் அரித்தெடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, பெயர் கண்டுபிடித்து எழுதுவேன். கோடை விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது பிரயாண மைக்ராஸ்கோப்பையும் கையோடு தூக்கி வந்திருந்தேன். ஊரில் நாலு பேர் பார்க்க வேண்டாமா!

அந்த வருஷம் கிணறுகள் அடி தட்டிவிட்டன. கோட்டை மதிலுக்கு வெளியே மாடு கன்றுகளுக்கு மிஞ்சியது இந்தக் குட்டைதான். அதிலும் திடீரென்று ஒருநாள் பச்சைப் பெயிண்டைக் கொட்டியது போலப் பாசி படர்ந்துவிட்டது. காற்றடிக்கும் பக்கமாக அது ஒதுங்கி, ஏடு கட்டி நாறியது. அங்கே தண்ணீர் குடித்த இரண்டு ஆடுகளும் ஒரு கன்றும் செத்துப் போயின.

யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்று சிலர் சொன்னார்கள். பாசிதான் காரணம் என்று சிலர். மணியக்காரர் குட்டையைச் சுற்றி முள் வெட்டிப் போட்டு அடைத்துவிட்டு, என்னைத் தேடி வந்தார். "நீ பாசி படிச்சவன்தானப்பா? இது மாட்டுக்கு ஆவுமா ஆவாதான்னு சொல்லு. தொறந்து வுட்டுடறேன்" என்றார்.

குட்டை திறக்காமல் தவித்தவர்களில் முனுசாமியை மறக்க முடியாது. குத்தகை நிலம், ஒரு ஜோடி உழவு மாடு, அவ்வளவுதான் அவர் சொத்து. வேலி போட்ட நாளிலிருந்து காலையும் மாலையும் மாடுகளை மலையடிவாரக் குளம் வரைக்கும் ஓட்டிப்போய் ஓட்டி வந்தார். வெயிலில் மாடுகளுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது.

"தம்பி, சீக்கிரமா பார்த்துச் சொல்லு தம்பி. மழை வந்தா ஏர் கட்டணும். இதுங்க இப்பவே நடக்க மாட்டேங்குது" என்று என் பின்னாலேயே வந்தார்.

அனந்தபுரத்துப் பெண்

செசிலியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சொல்லவும் பிடிக்கவில்லை.

அவளும் எங்கள் பக்கம்தான். அனந்தபுரத்தை ஒட்டிய ஒரு கிராமம். வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பம்; மணிலா, அதாவது வேர்க்கடலை, பயிரிடுபவர்கள். சென்னையில் எங்கள் இருவருக்கும் ஒரே பேராசிரியர், ஒரே மேஜை. நேரில் 'நீங்க, வாங்க' என்று மரியாதையாகத்தான் பேசுவேன். மனதுக்குள் எப்போதும் 'அவள், இவள்'தான்.

பாசி ஆராய்ச்சியில் அந்த நாளில் படம் வரைவதுதான் உயிர். ஒரு கண் மைக்ராஸ்கோப்பில், ஒரு கண் காகிதத்தில். நான் வரைந்ததைப் பேராசிரியர் 'மறுபடி வரையவும்' என்று எழுதித் திருப்பிக் கொடுப்பார். அவள் வரைந்ததைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். நான் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே என் படத்தை அழித்து அழித்து வரைய வேண்டும். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

ஒருநாள் அவள் காப்பி குடிக்கப் போன நேரத்தில் அவளுடைய பென்சில் முனைகள் எல்லாவற்றையும் உடைத்து வைத்தேன். வந்தாள், பார்த்தாள். பிளேடை எடுத்து ஒவ்வொன்றாகச் சீவிக்கொண்டு வரைய உட்கார்ந்துவிட்டாள். யார் செய்தது என்றுகூடக் கேட்கவில்லை. அதிலும் எனக்கு ஆத்திரம்தான்.

தங்க மெடலும் அவளுக்கே போனது. எங்கள் நைனா சந்தையில் அதைக் கேள்விப்பட்டு வந்து, "ஏண்டா, அந்த அனந்தபுரத்துப் பொண்ணு மெடல் வாங்கிச்சாமே. நீயும் அதே படிப்புதான படிச்ச?" என்று சோற்றுத் தட்டின் முன்னால் கேட்டார். பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கடற்கரை நிலையத்தில் ஓர் இடம் காலியானபோது பேராசிரியர் முதலில் எழுதிக் கொடுத்த பெயர் அவளுடையது. பெண்ணைப் படகில் ஏற்ற முடியாது என்று அங்கிருந்து பதில் வந்தது. பிறகுதான் என் பெயர் போனது. அவள் ஒரு பெண்கள் கல்லூரியில் வாத்தியாராகிவிட்டாள். அவளுக்கு வந்திருக்க வேண்டிய நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். அப்படியும் என் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

கடல்காரன் கை

மூடியை ஏன் கொட்டாப்புளியால் அடித்தேன் என்று கேட்பீர்கள்.

படகு ஆடும். குப்பி உருளும். மூடி தளர்ந்தால் ஒரு நாள் உழைப்பு போய்விடும். அதனால் குப்பியில் காற்றுக்குமிழ் ஒன்றுகூட இல்லாமல் தண்ணீரைத் தளும்ப நிரப்பி, கார்க்கை வைத்து அடித்து இறக்குவோம். அந்த வேலையில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. படகுக்காரர்களே சொல்வார்கள்.

அதே கையோடு குட்டைத் தண்ணீரையும் அடைத்து, சைக்கிளில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். திறந்து, பாசி கெடாமல் இருக்கப் பார்மலின் நாலு சொட்டு விட்டேன். ஜன்னலோரம் மேஜை போட்டு, வெளிச்சம் விழும்படி மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டுக் குப்பியைப் பார்த்தேன். பாசியெல்லாம் அடியில் போய்ப் படிந்திருந்தது.

குட்டையில் மேலே மிதந்தது குப்பியில் ஏன் அடியில் கிடக்கிறது? கொஞ்சம் யோசித்தால் சின்னப் பிள்ளைக்குக்கூட அந்தக் கேள்வி வரும். எனக்கும் வந்தது. பார்மலினில் செத்துப்போய்ப் படிந்துவிட்டது என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

உண்டா, இல்லையா

பாசிக்குப் பெயர் கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு முறை இருந்தது. வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் உண்டு அல்லது இல்லை என்று பதில் சொல்லிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு பெயரில் கொண்டுபோய் விடும். இந்த வகைப் பாசிக்கு முக்கியமான கேள்வி, செல்லுக்குள் காற்றுப்பை உண்டா, இல்லையா என்பது. காற்றுப்பை இருந்தால் செல்லுக்குள் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள் மினுங்கும். நான் பார்த்தேன். செல்கள் சுத்தமாக, தெளிவாக இருந்தன. ஒரு புள்ளியும் இல்லை.

'இல்லை' என்று எழுதினேன். அந்தப் பதில் என்னை ஒரு சாதுவான பாசியிடம் கொண்டுபோய் விட்டது. அதனால் ஆடும் சாகாது, மாடும் சாகாது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மணியக்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "பாசியால ஒண்ணுமில்லீங்க. செத்ததுங்க வேற ஏதோ நோவு வந்து செத்திருக்கும். தாராளமாத் தொறக்கலாம்."

"உன் வாயால கேட்டாப் போதும். காலையில முள்ள எடுத்துடறேன்" என்றார்.

சொம்புத் தண்ணீர்

சாயங்காலம், வெயில் இன்னும் இருக்கும்போது, வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. செசிலியின் அண்ணன் சவரிமுத்து. சந்தைக்கு வந்தபோது குட்டையைப் பற்றிக் கேள்விப்பட்டு, முள்ளை விலக்கி, ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு, அதன் வாயில் ஈரத்துணி கட்டி முந்தின நாளே தங்கச்சியிடம் கொண்டுபோயிருக்கிறார். அவளும் கோடை விடுமுறைக்கு ஊரில்தான் இருந்தாள்.

"தங்கச்சி இத உங்க கையிலயே குடுக்கச் சொல்லிச்சி. அவசரமாம்" என்று ஒரு சீட்டை நீட்டினார்.

அந்த நறுக்கென்ற கையெழுத்து. பார்த்ததுமே எரிந்தது.

'ராமலிங்கம் அவர்களுக்கு. குட்டைத் தண்ணீரை நீங்களும் பார்ப்பதாக அண்ணன் சொன்னார். பார்மலின் விடாமல் உயிரோடு பாருங்கள். செல்லுக்குள் காற்றுப்பை நிறைய இருக்கிறது. இது மைக்ரோசிஸ்டிஸ், விஷமுள்ள பாசி. மாடுகளைக் குடிக்க விட வேண்டாம் என்று தயவுசெய்து இன்றே சொல்லிவிடுங்கள். நாளை நான் நேரில் வருகிறேன். செசிலி.'

"சொல்லிடறீங்களா?" என்று கேட்டார் சவரிமுத்து.

"சொல்லிடறேன்" என்றேன்.

அவர் போய்விட்டார். நான் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

காப்பி கிளப் வரைக்கும்

சொல்லக்கூடாது என்று முடிவு செய்து நான் உட்கார்ந்திருக்கவில்லை. அப்படி ஒரு முடிவை எடுக்கவே இல்லை. அதைத்தான் நீங்கள் நம்ப வேண்டும்.

புதிதாகத் தண்ணீர் எடுத்து இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கிளம்பினவன் கடைத்தெருவில் காப்பி கிளப் வாசலில் நின்றேன். உள்ளே இருந்து ஒருத்தர், "வாங்க சார், உக்காருங்க! காலையில குட்டையத் தொறக்கறாங்களாமே. நம்மூர் ஆளு ஒருத்தர் படிச்சது எவ்வளவு உபகாரமா இருக்குது பாருங்க" என்றார். இன்னொருத்தர் எனக்காகப் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

இந்த ஆள்களிடம் போய், நான் சொன்னது தப்பு, அனந்தபுரத்துப் பெண் சொல்வதுதான் சரி என்று சொல்ல வேண்டும். அது நைனா காதுக்குப் போகும். அவர் மறுபடி சோற்றுத் தட்டின் முன்னால் கேட்பார். பேராசிரியர் காதுக்கும் போகும்.

அவள் சொல்வது எப்படிச் சரியாக இருக்கும் என்று எனக்குள் வாதாட ஆரம்பித்தேன். சொம்பிலே துணி கட்டிக் கொண்டுபோன தண்ணீரெல்லாம் ஆராய்ச்சிக்கு ஒரு மாதிரியா? கண்ட சொம்பில் கண்ட பாசி ஒட்டியிருக்கும். என் குப்பி சுத்தமான குப்பி. நான் கடலில் வேலை செய்கிறவன். வகுப்பில் பாடம் சொல்கிறவளுக்கு என்ன தெரியும்? இப்படியே பேசிக்கொண்டு ஒரு காப்பி குடித்தேன். இன்னொரு காப்பி குடித்தேன். வெளிச்சம் போய்விட்டது. வெளிச்சம் போய்விட்டதால் இனி பார்க்க முடியாது என்று வீடு திரும்பிவிட்டேன்.

மணியக்காரர் வீடு காப்பி கிளப்புக்கு அடுத்த தெருதான்.

ஒற்றை மாடு

மறுநாள் காலையில் முள்ளை இழுத்துப் போட்டார்கள். முதலில் இறங்கியவை முனுசாமியின் மாடுகள். அவதி அவதியாகக் குடித்தனவாம். வெள்ளை மாடு காற்று ஒதுக்கின பக்கம் நின்று ஏட்டோடு உறிஞ்சியிருக்கிறது. மயிலை மாடு கொஞ்சம் தள்ளி நின்றது.

உச்சி வெயிலில் என்னைக் கூப்பிட ஆள் வந்தது. குப்பிகள் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். புங்க மரத்தடியில் வெள்ளை மாடு கால் நீட்டிக் கிடந்தது. வாயில் நுரை. நான் போய் நின்ற கொஞ்ச நேரத்துக்கெல்லாம் உயிர் போய்விட்டது. மயிலை மாடு தள்ளாடினாலும் நின்றுகொண்டிருந்தது. அது பிழைத்தது.

முனுசாமி அழவில்லை. "ஒத்த மாட்ட வெச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன்? ஏரு எப்படிக் கட்டுவேன்? ஒண்ணுக்கு ஒண்ணு பழகினதாச்சே" என்று எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அண்ணனும் தங்கையும் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். கிடந்த மாட்டைச் செசிலி பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க எடுத்த தண்ணி இருக்குதா?" என்று கேட்டாள்.

மாட்டைச் சுற்றிக் கூட்டம் நின்றது. நாங்கள் குட்டைக் கரையில் தனியாக நின்றோம். என் குப்பியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பச்சையெல்லாம் அடியில்.

"மூடிய அடிச்சீங்களா?"

"அடிச்சேன். ஏன், அடிக்கக் கூடாதா?"

என் பையிலிருந்து ஒரு காலிக் குப்பியை எடுத்துக் குட்டைத் தண்ணீரைத் தளும்ப நிரப்பினாள். பால் கலந்த பச்சை. மூடியை வைத்துக் கீழே கிடந்த கல்லால் ஓங்கி ஒரு அடி அடித்தாள். என் கண் எதிரிலேயே அந்தப் பால் நிறம் மறைந்து தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்து கரும்பச்சையானது. கொஞ்ச நேரத்தில் பாசி மெல்ல மெல்லக் கீழே இறங்க ஆரம்பித்தது.

"ரொம்பின குப்பியில மூடிய அடிச்சா அந்த அழுத்தம் எங்க போவும்? காத்துப்பையெல்லாம் நசுங்கிடுது. அப்புறம் எவ்வளவு நேரம் பார்த்தாலும் இல்லன்னுதான் தெரியும்" என்றாள் தணிந்த குரலில். "எனக்கும் இப்பதான் தோணிச்சு. எங்க அண்ணன் சொம்புல கொண்டாந்ததால நான் தப்பிச்சேன்."

அவள் கட்டுரை பின்னால் அச்சில் வந்தது. தண்ணீரை அழுத்தம் படாமல் எடுக்க வேண்டும் என்று அதில் ஒரு பத்தி. என் பெயர் இல்லை, என் தப்பும் இல்லை. நான் பிற்காலத்தில் கடல் தண்ணீர் சிவந்து மீன் செத்து ஒதுங்கினால் கூப்பிடுகிற ஆளானேன். விஷப் பாசியா, சாதுப் பாசியா என்று சொல்ல என்னைவிட்டால் ஆளில்லை என்றார்கள். எத்தனையோ பேருக்கு 'முதலில் உயிரோடு பார்' என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். யாரிடம் கற்றேன் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை.

முனுசாமி கேட்டது

நாங்கள் கூட்டத்துக்குத் திரும்பினோம். மணியக்காரர் அவளிடம், "இன்னாம்மா இது? ராமலிங்கம் ஒண்ணுமில்லன்னு சொல்லிச்சே" என்றார்.

நான் குனிந்து குப்பிப் பையைக் கட்ட ஆரம்பித்தேன். அவள் முந்திக்கொண்டாள். "குப்பியில அடைச்சா இந்தப் பாசி அடையாளம் மாறிடுதுங்க. அவர் பார்த்தப்போ தெரிஞ்சிருக்காது. முதல்ல முள்ளத் திரும்பப் போடச் சொல்லுங்க. மத்த மாடுங்கள கிட்டயே வுடாதீங்க."

ஆள்கள் முள்ளை இழுக்க ஓடினார்கள். முனுசாமி மட்டும் அங்கேயே நின்றார். அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, உனுக்கு எப்பத் தெரியும் இது?"

"நேத்தே தெரியும்ணே."

"நேத்தே தெரியுமா? தெரிஞ்சிக்கினு ஏம்மா சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் மாட்ட ஓட்டிக்கினு வந்திருப்பனா?"

சவரிமுத்து என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். அவள் அவருடைய கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. நான் சொல்வேன் என்று காத்திருந்தாள்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தப்புதான்ணே. நேத்தே நானே நேர்ல வந்திருக்கணும்" என்றாள் அவள்.

முனுசாமிக்கு அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. "படிச்சி இன்னாம்மா பிரயோஜனம்? இந்தத் தம்பி வேகாத வெயில்ல வந்து பார்த்துச்சி. பாவம், அதுக்குத் தெரியல. நீ தெரிஞ்சிக்கினே வூட்டுல குந்திக்கினு இருந்தியே! உனுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குதா?"

கூட்டத்தில் இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். அவள் நின்ற இடத்தில் அப்படியே நின்று கேட்டுக்கொண்டாள்.

என் வாழ்நாளில் முதல் தடவையாக, எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாக நிறுத்திப் பார்த்த ஒரு மனுஷர் என்னை உசத்தி, அவளைத் தாழ்த்திப் பேசினார். காலடியில் அவருடைய மாடு செத்துக் கிடக்கிறது. செய்தவன் நான். அப்படி இருந்தும் எனக்கு வயிறு குளிர்ந்தது. முனுசாமி இன்னும் நாலு வார்த்தை திட்ட மாட்டாரா என்று இருந்தது.